பிள்ளைகளும் பியூட்டி பார்லரும்

(முன்னாள் மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது நான் தயங்கினேன். டாக்டர், வக்கீல், பேங்க் ஆபீஸர் எல்லாம் உட்கார்ந்திருக்கிற சபையில் பார்லர் நடத்துகிறவள் என்ன பேசுவது? செயலாளர் விடவில்லை. "உன்கிட்ட எல்லா அம்மாக்களும் கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கும்ல? அதப் பத்திப் பேசு" என்றார். உண்மைதான், அப்படி ஒரு கேள்வி இருக்கிறது. "என் பொண்ணுக்கு எந்த வயசுல இதெல்லாம் பண்ணலாம்?" இருபத்தைந்து வருஷமாக வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். கேள்வி மாறவில்லை. கேட்கப்படுகிற பெண்ணின் வயசுதான் குறைந்துகொண்டே வருகிறது.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் இந்தக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். எங்கள் வகுப்பில் மணலிக்கும் எண்ணூருக்கும் ஷிப்ட் வேலைக்குப் போன அப்பாக்களின் பெண்கள்தான் அதிகம். கெமிஸ்ட்ரி படித்தால் ஏதாவது ஒரு கம்பெனியில் லேப் வேலை நிச்சயம் என்று அந்த அப்பாக்கள் எல்லாம் நம்பினார்கள். எனக்கு நிச்சயமானது கல்யாணம். (சிரிப்பு) பிறகு வீட்டுச் சூழ்நிலை காரணமாக ஆறு மாத பியூட்டிஷியன் கோர்ஸ் படித்து, திருவொற்றியூர் தேரடி பக்கத்தில் வீட்டின் முன்னறையிலேயே பார்லர் ஆரம்பித்தேன்.

அன்றைக்கு எங்கள் பக்கத்தில் பார்லர் என்றால் கல்யாணப் பெண்ணுக்கு மட்டும்தான். கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் திரை போட்டிருப்போம். வருகிறவர்களும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வருவார்கள். சென்னையில் 2000-ல் நேச்சுரல்ஸ் தொடங்கியது. அதற்குப் பிறகு ஏ.சி. சலூன்கள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் நீண்டது. இப்போது ப்ளஸ் ஒன் படிக்கிற பெண் தேரடியில் ஏறி, தேனாம்பேட்டையில் இறங்கி, முடியை நேராக்கிக்கொண்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். நான் குறையாகச் சொல்லவில்லை. காலம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எந்த வயதில் எதைச் செய்யலாம் என்று யார் முடிவு செய்வது? அதைத்தான் நான் ஒரு தப்பு செய்து கற்றுக்கொண்டேன். அந்தத் தப்பை இந்த மேடையில் சொல்லிவிடத்தான் வந்திருக்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிற ஒரு அம்மா, தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு 12 வயது. ஏழாம் வகுப்பு. எம்.சி. ரோட்டில் எடுத்த பட்டுப்புடவைக் கவரை அந்தப் பெண் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பொண்ணு வயசுக்கு வந்துட்டா. ஞாயித்துக்கெழம மஞ்சத் தண்ணி வச்சிருக்கோம். மண்டபம் புடிச்சாச்சு, வீடியோவுக்குச் சொல்லியாச்சு. என் கலரு வந்துட்சிக்கா அவளுக்கு. போட்டோல பளிச்சினு தெரியற மாதிரி எதுனா பண்ணுக்கா."

நான் பிளீச் கலந்தேன். பிளீச்சில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. அதைத் தூண்டிவிட அமோனியாவோ பெர்சல்பேட்டோ சேர்ந்த ஒன்றைக் கலப்போம். காதுக்குப் பின்னாலோ முழங்கைக்கு உள்பக்கமோ கொஞ்சம் தடவிப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் முகத்தில் போடவேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று வெள்ளி சாயங்காலம், ஞாயிறு காலையில் விசேஷம். வெளியே இரண்டு கஸ்டமர் காத்திருந்தார்கள். பார்த்துக்கொள்ளலாம் என்று போட்டுவிட்டேன்.

மூன்று நிமிஷம் போயிருக்கும். "எரியுது" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவளுடைய அம்மா, "கொஞ்ச நேரம் பொறுத்துக்க கண்ணு, அழகாவணும்னா எரியத்தான் செய்யும்" என்றார். நானும், "ரெண்டே நிமிஷம்மா" என்றேன். அந்தப் பெண் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். பெரியவர்கள் இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள் அல்லவா?

துடைத்துப் பார்த்தால் இரண்டு கன்னமும் சிவந்து கிடந்தன. ராத்திரிக்குள் தாடையில் கொப்புளம். மறுநாள் காலையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் ஓ.பி.க்கு நானும் கூடப் போனேன். டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். பார்லர் நடத்துகிறேன் என்றேன். "என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். "பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி" என்றேன். அதற்குமேல் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

தோழியரே, நம் லேபில் பெராக்சைடு பாட்டிலைத் தொடுவதற்கு முன்னால் மேடம் என்ன சொல்வார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "கையை ஒழுங்கா வச்சுக்கோங்க, ஒரு சொட்டு பட்டாலும் விரல் வெளுத்துப் போயிடும்" என்பார். அதே மருந்தைக் குறைந்த அளவில் கலந்து ஒரு குழந்தையின் முகத்தில் தடவி, எரிகிறது என்று அவள் சொன்ன பிறகும் துடைக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை விசேஷம் நடந்தது. முகத்தில் மேக்கப் போட முடியவில்லை. வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலைக்குப் பூ வைத்து ஜடை அலங்காரம் மட்டும் செய்துவிட்டேன். அப்போது அந்தப் பெண் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நான் எதுவுமே கேக்கலையேக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கு தப்பாகிவிட்டால் டீச்சரிடம் சொல்வது போலச் சொன்னாள். கன்னத்தில் இருந்த கருப்புத் திட்டு மறைய ஆறு மாசத்துக்கு மேல் ஆயிற்று. அவள் சொன்ன அந்த ஒரு வரி இன்னும் என் கடைக் கண்ணாடியில்தான் இருக்கிறது.

அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லக்கூடாது. அவருக்கு மஞ்சள் நீராட்டு நடந்தபோது ஒரு போட்டோகூட எடுக்கவில்லையாம். "இவளுக்காவது இருக்கட்டும்" என்று விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து சம்பாதித்த துட்டு அது. ஆனால் "என் கலரு வந்துட்சி" என்று மகளின் காதுபட ஒரு அம்மா சொல்லும்படி செய்தது யார்? ஃபேர் அண்ட் லவ்லி நம் நாட்டில் 1975-ல் வந்தது. 2020-ல்தான் பெயரிலிருந்து அந்த 'ஃபேர்' போயிற்று. நடுவில் நாற்பத்தைந்து வருஷம். அந்த விளம்பரங்களைப் பார்த்துத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம், நானும்தான். இன்னொன்றும் சொல்லவேண்டும். பிளீச் தோலை வெளுப்பாக்குவதில்லை. முகத்தில் இருக்கிற பூனை முடியைப் பொன்னிறமாக்குகிறது, அதனால் முகம் பளிச்சென்று தெரிகிறது. அந்தக் குழந்தை எரிச்சல் பட்டது அவ்வளவுக்காகத்தான்.

சரி, காது குத்தவில்லையா, மொட்டை போடவில்லையா, அதெல்லாம் குழந்தையைக் கேட்டா செய்கிறோம் என்று என் மாமியார் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. என்னிடம் முழுப் பதில் கிடையாது. மொட்டை போட்டால் முடி வளர்ந்துவிடுகிறது. மஞ்சள் பூசினால் இரண்டு குளியலில் போய்விடுகிறது. மருதாணி ஒரு வாரம். காது குத்துவது மட்டும் நிற்கிறது, அதையும் வேண்டாம் என்றால் தூர்ந்துவிட விடலாம். மாமியாரோடு விவாதம் செய்ததில் எனக்குக் கிடைத்தது இந்த அளவுகோல்தான்: செய்தது திரும்பிப் போகுமா, போகாதா?

நம் பக்கத்துக்காரர்களுக்கு ரசாயனத்தைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். மூச்சு முட்டிப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மறு வாரமே என் கடைக்கு ஒரு அம்மா வந்து எட்டாவது படிக்கிற மகனுக்கு முடி கலர் செய்யவேண்டும் என்றார். டப்பாவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, அதே வாசனைக்கா!" என்றார். அளவு வேறு, ஆபத்தும் வேறு, ஒப்பிடக்கூடாது. ஆனால் பொருள் அதேதான்.

ஹேர் டையில் பாரா பினைலீன் டையமின் என்று ஒன்று இருக்கிறது. கெமிஸ்ட்ரி தங்கைகள் சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். ஒரு முறை அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆயுசுக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நம் நாட்டுச் சட்டப்படியே டை பாக்கெட்டில் எச்சரிக்கை போட்டாகவேண்டும்: முதலில் தோலில் தடவிச் சோதித்துப் பார், புருவத்துக்கும் இமைக்கும் போடாதே, பார்வை போகலாம் என்று. ஐரோப்பிய நாடுகளில் 2011 முதல், 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரியதல்ல என்றும் டப்பாவில் போடுகிறார்கள்.

முடியை நேராக்குகிற மருந்துகள் இன்னொரு கதை. சிலவற்றில் சூடு பட்டால் ஃபார்மால்டிஹைடு வரும், கண் எரியும். அது வேண்டாம் என்று கிளையாக்ஸிலிக் ஆசிட் கலந்த கிரீம் வந்தது. அதைப் போட்டுக்கொண்ட 26 வயதுப் பெண் ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாக 2024-ல் பிரான்ஸ் டாக்டர்கள் எழுதினார்கள். பக்கத்துக் கேரளாவில், மலப்புறம் மாவட்டம் கோட்டக்கலில், 2023-ல் சிறுநீரக நோயோடு வந்தவர்களை டாக்டர்கள் விசாரித்துப் பார்த்தபோது, பலர் பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம் போட்டவர்கள் என்று தெரிந்தது. அவர்களில் 14 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். கிரீமில் பாதரசம் கலக்கக்கூடாது என்று நம் சட்டம் சொல்கிறது. ஆனால் யார் தயாரித்தது என்றே போடாத டப்பாவைப் பிடித்துக் கேட்க சட்டத்துக்கு முகவரி வேண்டுமே! அதனால் தங்கைகளே, லேபிள் இல்லாத கிரீம், பார்லரிலேயே கலந்து தருகிற கிரீம், "பம்பாய்லேர்ந்து வந்தது" என்று தருகிற கிரீம், எதையும் தொடாதீர்கள். பருவுக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடுகிற ஸ்டீராய்டு ஆயின்மென்ட்டும் அப்படித்தான். முதல் வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, வெயில் பட்டாலே சிவக்கும். 2018-ல் மத்திய அரசு இப்படி 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது.

வெளிநாட்டில் சிலவற்றுக்கு வயசே குறித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 2021 அக்டோபர் முதல் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அழகுக்காக போடாக்ஸ் ஊசி போட்டால் குற்றம். ஸ்வீடனில் ஒரு பெரிய மருந்துக்கடைக் குழுமம், தோலை உரிக்கிற ஆசிட் கலந்த கிரீம்களை 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்பதில்லை என்று 2024-ல் முடிவெடுத்தது. நம் பக்கத்து பார்லர் எதிலும் வயசு போட்ட பலகையை நான் பார்த்ததில்லை. அதனால் கடையில் நிற்கிறவளும் வீட்டில் இருக்கிறவளும்தான் முடிவு செய்யவேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, பிள்ளைகளை பார்லர் பக்கமே விடக்கூடாது என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்லியாகவேண்டும்.

பத்தாவது படிக்கிற பெண். தனியாக வந்தாள். கையில் கசங்கின நூறு ரூபாய். "அக்கா, அப்பர் லிப் மட்டும் எடுத்து விடுறீங்களா?" என்றாள். ஏன் என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. "க்ளாஸ்ல மீசைனு கூப்பிடறாங்க. நான் டவுட் கேட்டா, 'மீசைக்கு டவுட் வந்துடுச்சு'ன்னு சிரிக்கறாங்க. அதனால நான் டவுட்டே கேக்கறதில்ல" என்றாள்.

அவளுடைய அம்மாவுக்குப் போன் போட்டேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை செய்கிறவர். முதலில், "படிக்கிற புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சத்தம் போட்டார். சாயங்காலம் வந்தார். மகள் என்னிடம் சொன்னதை அவர் எதிரில் திரும்பச் சொல்ல வைத்தேன். அம்மா அழுதுவிட்டார். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார். அன்று அம்மாவையே நூலின் ஒரு பக்கம் நின்று பார்க்கச் சொல்லிவிட்டு எடுத்துவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை. ஒரு மருந்தும் இல்லை, வெறும் நூல். பிடிக்காவிட்டால் மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும். மாதவிலக்கு சரியாக வருகிறதா என்றும் கேட்டேன். இல்லை என்றதும், முடி அதிகமாக வளர்வதற்கு ஹார்மோன் காரணமாகவும் இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினேன். நான் நூல் பிடிக்கிறவள். அதை டாக்டர்தான் பார்க்கவேண்டும்.

கேலி செய்தவர்களைத்தானே திருத்தவேண்டும், இவள் ஏன் மாறவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நாற்பது பேரைத் திருத்தும் வரைக்கும் அந்தப் பெண் டவுட் கேட்காமலே உட்கார்ந்திருக்க வேண்டுமா? எனக்கு மனசு வரவில்லை.

இப்போது இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது பெண் மூன்று வயசு பெரியவள்தான். ஆனால் முதல் பெண்ணுக்கே 15 வயது ஆகியிருந்தாலும் அன்று நான் செய்தது தப்புதான். முதல் பெண் எதையும் கேட்கவில்லை. அவளுக்காகப் பெரியவர்கள் கேட்டோம், திரும்பப் பெற முடியாததைச் செய்தோம். இரண்டாவது பெண் தன் வாயால் கேட்டாள், ஏன் என்று சொன்னாள், செய்ததும் வளர்ந்து மறைந்துவிடுகிற விஷயம்.

அதனால் என் கடையில் இப்போது ஒரு பலகை இருக்கிறது. முடி வெட்ட எந்த வயசும் சரி. புருவம், உதட்டு மேல் முடி நூலில் எடுக்க, பிள்ளை தானே கேட்கவேண்டும், அம்மா கூட வரவேண்டும், உயர்நிலைப் பள்ளிக்காவது வந்திருக்கவேண்டும். வேக்ஸிங் 16-க்கு மேல். பிளீச், கலர், ஸ்ட்ரெய்ட்டனிங், கெமிக்கல் பீல் 18-க்கு மேல், அதுவும் தோலில் தடவி ஒரு நாள் பார்த்த பிறகு. இந்த எண்கள் நான் வைத்தவை, சட்டம் இல்லை. ஆனால் எண்ணுக்கு முன்னால் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, அம்மாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அவளையே கேட்பேன்: "இது வேணும்னு உனக்குத் தோணிச்சா, யாராவது சொன்னாங்களா?" பாதிப் பிள்ளைகள் அம்மாவைத் திரும்பிப் பார்க்கும். திரும்பிப் பார்த்தால் அன்றைக்கு வேலை கிடையாது. தலைவாரி, பூ வைத்து அனுப்பிவிடுவேன்.

மஞ்சள் நீராட்டுக்கு வருகிற குழந்தைகளுக்கும் அதேதான். தண்ணீரில் கழுவினால் போகிற மேக்கப், ஜடை அலங்காரம், நகைக்கு அழகாகப் பின் குத்துவது. போட்டோவில் நன்றாகத்தான் வருகிறது. அந்த வயசில் முகத்துக்கு வேறு என்ன வேண்டும்? பலகை வைத்ததால் போன கஸ்டமர்கள் உண்டு. இரண்டு தெரு தள்ளிப் போய்ச் செய்துகொண்டு, என் கடை வழியாகவே நடந்து போனவர்களும் உண்டு. மாசக் கடைசியில் அது வலிக்கத்தான் செய்கிறது.

ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் தப்பித்தோம் என்று நினைக்கவேண்டாம். சலூனில் போய் நெற்றி முடிக்கு மட்டும் செம்பட்டைக் கலர் அடித்துக்கொண்டு வருகிற எட்டாவது, ஒன்பதாவது பையன்கள் நம் தெருவில் நிறைய. ஸ்கூலில் திட்டி அனுப்பியதும் அதன்மேல் கருப்பு டை அடித்து மறைக்கிறார்கள். ஒரே வாரத்தில் ஒரு சின்னத் தலைக்கு இரண்டு ரசாயனம். பையனிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். அடிப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

தங்கைகளே, நீங்கள் 18 தாண்டியவர்கள். உங்கள் முகம், உங்கள் முடி, உங்கள் இஷ்டம். டப்பாவில் இருக்கிற பொடி எழுத்தைப் படியுங்கள், தடவிச் சோதிக்காமல் போடாதீர்கள். எரிகிறது என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள், சொல்லியும் துடைக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டில் தங்கச்சி, அக்கா மகள் என்று சின்னவர்கள் இருப்பார்கள். அவர்கள் நிறத்தைப் பற்றி யாராவது பேசினால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். உங்களால் முடியும், எங்கள் காலத்தில் எங்களால் முடியவில்லை.

அந்த முதல் பெண்ணை இப்போதும் எப்போதாவது பார்க்கிறேன். ஸ்கூட்டியில் போவாள். முகத்தில் ஒரு தழும்பும் இல்லை. "என்னக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். கடைக்குள் மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை.